தெரியாதவர்கள் இடது கையைத் தூக்கவும்

கியெமுக்கு இடுப்பு போய்விட்டது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் யாரோ ஆப்பு அடித்துவிட்டுப் போனது போல வலி. உட்கார்ந்தால் எழுந்திரு என்றது, எழுந்தால் உட்கார் என்றது. அவன் அப்பா தோங் நாய் ஆற்று மணல் படகுகளில் கூடை சுமந்தவர். அவருக்கும் வலி இதே இடத்தில்தான். ஆனால் அது மணல் சுமந்து வாங்கிய வலி, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இவனுடையது எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி வாங்கியது.

"பொம்ம வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தா இடுப்பு வலிக்குதா?" என்றார் அப்பா. "ஆமாமா, ரொம்பப் பாரம்தான்."

பத்துப் பதினோரு வருடம் சைகோனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவன் கியெம். ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு பல்பொருள் அங்காடியின் கிடங்குக்கு நிரல் எழுதினான். எந்த அலமாரியில் எத்தனை டின் மீன் இருக்கிறது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கிடங்கைக் கண்ணால் கண்டதில்லை, மீனையும் தின்றதில்லை. அவனுக்கு முப்பத்தேழு வயதானபோது நிறுவனம் தன்னை 'மேம்படுத்திக்கொள்ள' முடிவு செய்தது. மேம்பாடு என்றால் என்ன என்பது, ஒரு காலையில் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்காமல் போனபோதுதான் அவனுக்கு விளங்கியது.

அதன்பிறகு சில மாதம் வாடகை பைக் செயலியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் பைக்கில் ஆட்களையும் பால் டீயையும் ஏற்றி இறக்கினான். ஒரு மழை நாளில் பழைய அலுவலக வாசலுக்கே பால் டீ கொண்டுபோக வேண்டி வந்தது. வாங்கிக்கொள்ள வந்தவள் அவன் நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்த பெண். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, மேலே போய் ஐந்து நட்சத்திரம் போட்டாள். நல்ல மனசு.

அப்படி இருந்தவனைப் பிடித்து வாத்தியாராக்கியவர் லோக் அண்ணன். பியென் ஹோவாவில் கரோக்கே பெட்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் போலீசுக்குப் போனபிறகு, சிறுவர்களுக்குக் கோடிங்கும் ரோபோவும் சொல்லிக்கொடுக்கும் 'நாளைய மேதைகள்' என்ற நிலையத்தைத் திறந்தார். கரோக்கே பெட்டி பாடத் தெரியாதவர்களுக்கும் தொண்ணூறு மதிப்பெண் போடும். அதே தத்துவம்தான் இங்கேயும்.

பெற்றோர் கூட்டத்தில் லோக் சொன்னார்: "எங்க கியெம் சார் ஐரோப்பாவுக்கு வேல பாத்தவரு." பெற்றோர் காதில் அது 'ஐரோப்பாவில்' என்று விழுந்தது. லோக் யாரையும் திருத்துகிற பழக்கம் இல்லாதவர்.

வகுப்பு நடந்தது ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. அது விருப்பப் பாடம். விருப்பமில்லாத பிள்ளை அந்த நேரம் முழுக்க வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் விருப்பம் இருந்தது.

பிள்ளைகளோடு இருப்பது கியெமுக்குப் பிடித்துத்தான் போயிற்று. அவனே எதிர்பார்க்கவில்லை. ரோபோ எதிர்த் திசையில் ஓடினால் அதுகள் கைகொட்டிச் சிரித்தன. பழைய அலுவலகத்தில் அப்படி எது ஓடினாலும் கூட்டம் போடுவார்கள். அவன் முதலில் கற்றுக்கொடுத்தது இடது வலது. "ரோபோ உங்களப் பாத்து நின்னா அதோட இடது கை உங்களுக்கு வலது பக்கம் இருக்கும். திருப்பி யோசிக்கணும். இதுல பெரிய பெரிய ஆளுங்களே கோட்ட விட்டுருக்காங்க." பிள்ளைகள் பெரிய ஆளுங்களை நினைத்துச் சிரித்தன.

இடுப்பு வலி உச்சத்தில் இருந்த வாரத்தில்தான் லோக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழம கல்வி ஆபீஸ்லேருந்து அம்மா வர்றாங்க, நம்ம வகுப்பப் பாக்க. பிடிச்சுப்போச்சுன்னா பள்ளிக்கூடம் முழுக்க நம்ம பாடம். உன் வேல நிரந்தரம், இன்சூரன்ஸோட."

"பிடிக்கலன்னா, அண்ணே?"

"அந்தப் பச்சச் சட்டையத் தொவைச்சு வச்சிருக்கியா?"

கியெம் சிரிக்கவில்லை. அவன் மனைவி தோவா செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் பிரிவில் இருந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் பசை வாடை குமட்டி, வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு சிக்கல். பெட்டியில வந்த சென்சார் ஒண்ணுகூட வேல செய்யல. ரோபோவுக்குக் கண்ணு தெரியாது. சுவர் எங்க இருக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணு எதுக்குடா? வர்றவங்க முன்னால நின்னாப் போதும்."

நின்றது. கியெம் நிற்க வைத்தான். நாலு நொடி ஓடு, நில். அவ்வளவுதான் நிரல். திரையில் பிள்ளைகள் இழுத்துப்போடும் கட்டத்துக்கு 'சுவரைக் கண்டால் நில்' என்று பெயர் வைத்து, உள்ளே நாலு நொடியை ஒளித்தான். ரோபோ கிளம்பும் இடத்துக்கும் அட்டைச் சுவர் நிற்கும் இடத்துக்கும் தரையில் டேப் ஒட்டிக் குறி போட்டான். பத்து வருட அனுபவம் வீண்போகவில்லை.

வகுப்பாசிரியை லியூ ஒத்திகையை நடத்தினாள். அவளுக்கு இதில் கைப்பழக்கம் உண்டு.

"பிள்ளைங்களா, சார் கேள்வி கேட்டா என்ன செய்வீங்க?"

"எல்லாரும் கை தூக்குவோம், டீச்சர்!"

"தெரிஞ்சவங்க?"

"வலது கை!"

"தெரியாதவங்க?"

"இடது கை!"

கியெம் அவளைத் தனியே அழைத்தான். "டீச்சர், இது கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன சார்? பாதிப் பிள்ளைங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க? உங்க ஆபீஸ்ல வாடிக்கையாளருக்குக் காட்டறப்போ ஓடறதக் காட்டுவீங்களா, உடைஞ்சதக் காட்டுவீங்களா?"

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 'வெற்றி' என்று பச்சையாக வரும்படி வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு முழு இரவு உட்கார்ந்து எழுதியவன் கியெம். யோசித்துப் பார்த்தால் இது நேர்த்தியான நிரல்தான். தெரிந்தால் வலது, இல்லாவிட்டால் இடது. பிழையே வராது.

லியூ வகுப்பின் பின்னால் நின்றபடி, எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று கண்ஜாடை காட்டினாள். கேள்வி ஒன்றுதான்: ரோபோ ஏன் நின்றது? பதில் வகுப்புத் தலைவன் குவாங்கிடம் இருந்தது. அவன் சீருடையின் சிவப்புக் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போர்ச் செய்தி வாசிப்பது போல முழங்கினான்: "சென்சார் என்னும் கண்ணால் ரோபோ சுவரைக் கண்டது, சார்!" ஒத்திகை முடிவதற்குள் வகுப்பே அதை மனப்பாடம் செய்துவிட்டது. மதியத் தூக்கத்தில் ஒரு பையன் அதை உளறினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. லியூ விசேஷத்துக்குப் போடும் ஊதா ஆவ் ஸாய் நீள அங்கி உடுத்தி உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். தலைமையாசிரியை ஹான், கல்வி அலுவலக அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள், அந்த அம்மாவுக்கு நடக்கத் தெரியாதது போல. வகுப்பின் பின்பக்கம் முழுக்க விருந்தினர் நாற்காலி. லியூவுக்கு நிற்க அங்கே இடமில்லை. அவள் விருந்தினருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிற வேலைக்கு ஓரமாக ஒதுங்கிவிட்டாள். லோக் கதவருகே நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ரோபோ ஓடியது. நாலு நொடி. அட்டைச் சுவருக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது. கைதட்டல்.

"ரோபோ ஏன் நின்னுது?" என்றான் கியெம்.

வகுப்பு முழுக்கக் கை. கண்கொள்ளாக் காட்சி. கண்ஜாடை காட்ட ஆளில்லை. வலது கை, வலது கை என்று அவன் உதடு முணுமுணுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. தன் வலது கைப் பக்கமாக உயர்ந்திருந்த ஒரு கையைக் கண்ணால் பிடித்துக்கொண்டான். ஜன்னல் ஓரம், முன்பல் விழுந்த சிறுமி.

"லாம், நீ சொல்லு."

பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றவன் திருப்பி யோசிக்க மறந்துபோனான்.

லாம் எழுந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"தெரியாது, சார்."

"என்னம்மா... கை தூக்கினியே?"

"இடது கையத்தான சார் தூக்கினேன்."

கல்வி அலுவலக அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"இடது கைன்னா என்ன, கண்ணு?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சொன்னாள். "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. எல்லாரும் தூக்கணும். இல்லன்னா விருந்தாளிங்க முன்னால அசிங்கமாயிடும். பதில் குவாங்கிட்டதான் இருக்கு."

தன் பெயரைக் கேட்டதும் குவாங் துள்ளி எழுந்தான். "சென்சார் என்னும் கண்ணால் ரோபோ சுவரைக் கண்டது, சார்!"

லியூவின் கையிலிருந்த பாட்டில் நெளிந்தது. ஹானின் முகம் வேகவைத்த இறாலின் நிறத்துக்கு வந்தது. கதவருகே லோக்கைக் காணவில்லை. கியெமுக்குப் பச்சைச் சட்டையின் வியர்வை வாசனை மூக்கில் ஏறியது.

கல்வி அலுவலக அம்மா யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தாள். அவளும் ஒரு காலத்தில் வகுப்பில் நின்றவள்தான். இந்தக் கணக்கு அவளுக்குப் புதிதில்லை. அன்றைக்கு இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், நடுவில் ஆற்றோரக் கடையில் ஹான் சாப்பாடு சொல்லி வைத்திருந்தாள்.

"அப்போ," என்றாள் மெதுவாக, "தெரியாத பிள்ளையும் பயப்படாம, எனக்குத் தெரியாதுன்னு கை தூக்கிச் சொல்லுது. அப்படித்தான?"

ஹான் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதே மேடம்! புது முறை. ரெண்டு மாசமா சோதனையா நடத்திட்டு வர்றோம்."

"தெரியாதவங்களையும் கூப்பிடறாரே, அதுதான் துணிச்சல்," என்றாள் அம்மா, கியெமைக் காட்டி.

லோக் எங்கிருந்தோ திரும்பி வந்தார். "ஐரோப்பா அனுபவம், மேடம்."

லாமை உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மேடம், எனக்கு இன்னொண்ணும் தெரியல. கேக்கலாமா?"

"பாத்தீங்களா! கேளு கண்ணு, சார்கிட்டக் கேளு."

"சார், நேத்து இடைவேளையில அட்டச் சுவர எடுத்துட்டு ஓட்டிப் பாத்தோம். சுவரே இல்ல. அப்பவும் அங்கயேதான் நின்னுது. அது எதப் பாத்து நின்னுது?"

கியெம் வாத்தியாரானபிறகு அவன் காதில் விழுந்த முதல் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் அவன் நாக்கு நுனியில் இருந்தது. கண் செத்துப்போன ரோபோ, லாம். நாலு நொடி எண்ணி நின்றது. அதைச் சொல்லவும் நாலு நொடிதான் ஆகும். லோக் பார்த்தார். ஹான் பார்த்தாள். வீட்டில் தோவா கால் வீங்கிப் படுத்திருந்தாள்.

"நல்ல கேள்வி," என்றான். "ரோபோவுக்கு ஞாபக சக்தி உண்டு. சுவர் எங்க இருந்துச்சுன்னு கத்துக்கிட்டு ஞாபகம் வச்சிருந்துது. இதுக்குப் பேருதான் செயற்கை நுண்ணறிவு."

அம்மா முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும். லாமும் தட்டினாள், கண் விரிந்து, ரோபோவையே பார்த்துக்கொண்டு.

ஒப்பந்தம் ஆற்றோரக் கடையிலேயே முடிந்தது, மீன் வருவதற்கு முன்பே. லோக் கியெமின் இடுப்பில் ஓங்கித் தட்டினார், சரியாக வலிக்கிற இடத்தில். "தம்பி, வாயத் தொறந்தா வைரம்டா!"

அடுத்த வாரம் லாம் வகுப்பு முடிந்து கைகளைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அது சுவர ஞாபகம் வச்சிருக்குன்னு அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஆனா சார், சுவரக் கொஞ்சம் கிட்டத்துல வச்சா போயி முட்டுதே, ஏன்?"

"அடுத்த வகுப்புல சொல்றேன்மா."

"சரி சார்." தலை குனிந்து வணங்கிவிட்டு ஓடினாள்.

இடது கை முறை மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. லியூவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. இப்போது ஒத்திகையில், யாருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். குவாங்குக்குத்தான் அந்தப் பொறுப்பு. 'தெரியாது' என்பதை அவனைப் போல் தெளிவாக முழங்க ஆளில்லை. கியெமுக்கு இன்சூரன்ஸ் அட்டை வந்துவிட்டது. தோவாவுக்கு ஆண் குழந்தை, நல்ல எடை.

லாம் ஒவ்வொரு வகுப்பிலும் ஜன்னல் ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாள். எந்தக் கை என்று கியெமுக்கு இப்போது பிசகுவதில்லை. அவளைக் கூப்பிடுவதும் இல்லை.

அவளுக்கு அவன் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறான். ரோபோவுக்குக் கண்ணும் இல்லை, ஞாபகமும் இல்லை, நாலு நொடி எண்ணி நிறுத்தியது நான்தான் என்கிற பதில். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.