வடக்குத் தோட்டம்

நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் சாலையை ஒட்டிப் புதிதாகப் போட்ட நகரில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் விலைக்கு வந்தபோது, அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்வதென்று முடிவானது. அண்ணன் ராஜராஜனுக்குக் குடவாசல் பக்கம் நிலம், பைக்கில் போய்வந்துவிடலாம். தம்பி சதீஷ் மஸ்கட்டில் இருந்தான். அவனுக்காக வீடு பார்க்க அவன் மனைவி எழில்மொழி வந்தாள்.

இரண்டு வீடுகளுக்கும் கிழக்குப் பார்த்த வாசல். ஒரே அளவு, மாடி இல்லாத தளம் போட்ட வீடுகள். வித்தியாசம் தோட்டத்தில்தான் இருந்தது. ஒன்றில் வீட்டுக்கு வடக்கே தோட்டம், மற்றதில் தெற்கே. அகலம் கொஞ்சம்தான். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஒரு மதில்.

அது ஆனி மாதம். வடக்குத் தோட்டத்தில் வெயில் அப்படியே கொட்டிக் கிடந்தது. தெற்குத் தோட்டத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி நிழல் படிந்திருந்தது.

"மூத்தவ சொல்லட்டும். அப்புறம் எழில் எடுத்துக்கட்டும்" என்றான் ராஜராஜன்.

அவன் மனைவி கலைமகள் வாய் திறப்பதற்குள் எழில்மொழி சொன்னாள். "அக்கா, இப்ப சூரியன் வடக்கால நிக்குது. ஐப்பசிக்கு மேல தெக்க போயிடும். மார்கழியில ஒருதரம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமே. அதுவரைக்கும் யாரும் கொத்திக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

கலைமகள் அவள் முகத்தைப் பார்த்தாள். எழில்மொழியின் கண் வடக்குத் தோட்டத்தின் மேல் இருந்தது. இவளுக்கு இது வேண்டும், அதனால்தான் தள்ளிப்போடச் சொல்கிறாள் என்று கலைமகளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அது நிச்சயமாகிவிட்டது.

எழில்மொழி மருமகளாக வருவதற்கு முன் அந்த வீட்டில் எல்லாம் கலைமகள் கைப்பக்குவம்தான். வந்தபிறகு, விசேஷத்துக்கு வரும் உறவுக்காரர்கள் சாப்பிட உட்காரும்போதே, "எழில் செஞ்ச கூட்டு எது?" என்று கேட்டுப் போடச் சொன்னார்கள். திருத்துறைப்பூண்டியில் அவள் பிறந்த வீட்டில் பூந்தோட்டம். அவள் கை பட்ட குச்சி துளிர்த்துவிடும் என்று ஊரே பேசியது. அந்தக் கைக்கு இந்த வெயிலையும் கொடுக்கவேண்டுமா?

"எனக்கு வடக்குத் தோட்ட வீடுதான்" என்றாள் கலைமகள். "வடக்க எடம் விட்டா குபேரன் வருவான்னு சொல்லுவாங்க."

"சரிக்கா" என்றாள் எழில்மொழி.

ஆவணியில் குடிவந்தார்கள். மல்லிகை, மிளகாய், கத்திரி, ஒரு ரோஜா என்று கலைமகள் ஆசை ஆசையாக வைத்தாள். புரட்டாசி வரை எல்லாம் நன்றாக வந்தன. ஐப்பசி மழையில் வெயிலே தெரியவில்லை. கார்த்திகைக் கடைசியில் மழை விட்டு வானம் வெளுத்தபோதுதான் அவள் பார்த்தாள், அவள் வீட்டு நிழல் தோட்டம் முழுவதும் படுத்திருந்தது. காலை, மதியம், மாலை எந்த நேரத்தில் போய் நின்றாலும் கால் ஜில்லென்று இருந்தது. மதிலில் பாசி பிடித்தது. மல்லிகை இலையாகவே நின்றது. கத்திரி வெள்ளைப் பூச்சி பிடித்துச் சுருண்டது. துவைத்த துணி இரண்டு நாள் ஆகியும் ஈரம் போகாமல் நாற்றம் எடுத்தது.

மதிலுக்கு அப்பால் எழில்மொழியின் தோட்டம் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. பந்தலில் அவரை கொத்துக்கொத்தாகத் தொங்கியது. செவந்தியும் கனகாம்பரமும் பூத்திருந்தன. எழில்மொழி தலை குளித்துவிட்டு அங்கே முடியைக் காயவைத்தபடி சதீஷுடன் வீடியோவில் பேசுவாள். சிரிப்புச் சத்தம் மதில் தாண்டி வரும்.

கலைமகள் துணி உலர்த்துகிற சாக்கில் தினமும் மாடிப்படி ஏறித் தளத்தில் நின்று அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கலாம் என்று நினைப்பாள், கால் ஏறிவிடும். எழில்மொழி ஒரு கூடை அவரைக்காய் கொடுத்து அனுப்பினால், அன்றைக்கு அவரை சமைக்கமாட்டாள். வேலைக்கு வரும் ஹபீபுன்னிசாவிடம் கொடுத்துவிடுவாள்.

"ஏன்க்கா, நல்ல பிஞ்சுதானே இருக்கு" என்பாள் ஹபீபுன்னிசா.

"எங்க வீட்ல யாருக்கும் புடிக்காது."

எச்சரித்தாளே என்ற நினைப்புதான் கலைமகளை அதிகம் எரித்தது. ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். உள்ளதைச் சொன்னவளை என்ன செய்வது?

ஒரு மத்தியானம் தளத்தில் நின்றபோது கைப்பிடிச் சுவரின் நிழல் மதில் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள். இன்னும் ஒரு அறை உயரம் இருந்தால் நிழல் மதிலைத் தாண்டிவிடும். முதலில் அந்த நினைப்பைத் தள்ளினாள். சாப்பிடும்போது அது திரும்ப வந்தது. இரவு கணவனிடம் சொன்னாள்.

"பையனுக்குப் படிக்க மாடியில ஒரு ரூம் போட்டுடலாங்க."

மார்கழியில் ஆரம்பிக்கக்கூடாது என்று தையில் வேலை தொடங்கினார்கள். மேஸ்திரி தியாகராசன் தளத்தை அளந்துவிட்டு, "தெக்க தள்ளிப் போட்டுடலாங்களா? காத்து நல்லா வரும்" என்று கேட்டார்.

"வேணாம். வடக்கு ஓரமாவே போடுங்க."

"ஓரத்துல எதுக்கும்மா?"

"எனக்கு அப்படித்தான் வேணும்."

ராஜராஜன் மனைவியை ஒருமுறை பார்த்தான். பிறகு அறுவடையைக் கவனிக்கப் போய்விட்டான்.

சித்திரையில் அறை முடிந்தது. அப்போது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. எழில்மொழியின் தோட்டத்தில் ஒரு விரல் நிழல்கூட விழவில்லை. அவள் மாடி ஏறிவந்து பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கலைமகள் காத்திருந்தாள். நடவு முடிந்து, மழை பெய்து, வயலில் பயிர் கதிர் விடுகிற வரை ஒரு நிழலுக்காகக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பது தனக்கே அருவருப்பாக இருந்த நாட்களும் உண்டு. ஆனாலும் காத்திருந்தாள்.

கார்த்திகையில் நிழல் மதிலில் ஏறியது. பிறகு தாண்டியது. மார்கழி பிறந்தபோது அவரைப் பந்தல் முழுவதும் அதற்குள் இருந்தது. பூ உதிர்ந்தது, பிஞ்சு பிடிக்கவில்லை. கலைமகள் மாடி அறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். வயிற்றில் ஏதோ குளிர்ந்தது போல இருந்தது. அந்தக் குளிர்ச்சி நாலைந்து நாள் இருந்திருக்கும்.

ஒருநாள் காலை எழில்மொழி வந்தாள். கலைமகள் ஜன்னல் பக்கம் நிற்கும்போதே மாடிக்கு ஏறிவந்து, அவள் அருகில் நின்று கீழே தன் தோட்டத்தைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து நல்லாத் தெரியுது" என்றாள்.

கலைமகள் ஜன்னலை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள்.

"தெரிஞ்சுதான் கட்டுனீங்களா அக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. மேஸ்திரி ஏதோ சொன்னார், பையன் கேட்டான் என்று நூறு பதில் இருந்தது. எழில்மொழி அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ அதில் ஒன்றைச் சொல்லியிருப்பாள். அவள் சும்மா நின்றாள்.

"ஆமா" என்றாள் கலைமகள்.

எழில்மொழி தலையசைத்தாள். "நான் இந்தக் குடும்பத்துக்கு வந்ததுலேர்ந்து எல்லாம் உங்களக் கேட்டுத்தான் குடுப்பாங்க. பொங்கலுக்குப் புடவை எடுத்தாக்கூட நீங்க எடுத்தது போக மிச்சம். எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? அவரு வருசத்துக்கு ஒரு மாசம்தான் வர்றாரு. நீங்க தெனம் மாமாவுக்கு டிபன் கட்டிக் குடுக்கறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். அந்தத் தோட்டமும் மிச்சத்துல வந்ததுதான். ஆனா அந்த மிச்சம் நல்லா இருந்துச்சு."

அவள் படி இறங்கிப் போனாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிவாள் என்று கலைமகளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அறையை இடிக்கமுடியாது. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

அதன்பிறகு இருவரும் பேசாமல் இல்லை. விசேஷங்களுக்குச் சேர்ந்தே போனார்கள். அவரைக்காய் மட்டும் வரவில்லை. கலைமகள் தன் ரோஜாவைத் தொட்டியில் வைத்து மாடி அறைக்கு மேலே கொண்டுபோனாள். அங்கே அது பூத்தது.

எழில்மொழி பந்தலைப் பிரித்துப் போட்டாள். அந்த இடத்தில் வரிசையாக அகத்தி நட்டு, அது வளர்ந்ததும் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டாள். நிழலும் ஈரமும் கண்டு கொடி வெறி பிடித்தாற்போல் ஏறியது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் யார் வீட்டுத் தாம்பூலத்துக்கும் அங்கிருந்துதான் வெற்றிலை போனது. உள்ளங்கை அகலம், கண்ணாடிப் பச்சை.

கலைமகள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வெற்றிலைக்கு வேண்டிய நிழல் தன் தோட்டத்தில் முதல் வருடத்திலிருந்தே சும்மா கிடந்தது. அந்தப் பழைய எரிச்சல் மெல்லத் திரும்பி வந்தது. இந்தமுறை அவள் கீழே இறங்கினாள். பாசி வழுக்கும் மண்ணில் நடந்து மதிலோரம் போய் நின்று கூப்பிட்டாள்.

"எழில், எனக்கு ரெண்டு கொடி வெட்டித் தர்றியா?"

இலை பறித்துக்கொண்டிருந்த எழில்மொழி உடனே திரும்பவில்லை. மடியிலிருந்த வெற்றிலையை அடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மழை விடட்டும்க்கா" என்றாள். "பாப்போம்."