தோள்மேல் இருந்த கை

…பதினெட்டு ஐம்பத்தைந்தா, வெறும் ஐம்பதா, இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் மனுஷிக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா, கேமராக் கடைக்காரர் பாட்டுக்கு இரண்டு லென்ஸையும் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார், நான் என்னத்தைக் கண்டேன், பல் செட் செய்கிற லேபில் பதினெட்டு வருஷம், வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு, எந்த வாய்க்கு எது பொருந்தும் என்று விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், ஆனால் இந்தக் கறுப்பு டப்பாவைக் கையில் வாங்கினால் புதுசாகப் பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் லேப் வேலைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன், பல்லின் நிறத்தைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று, அவரும் நம்பிவிட்டார், பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிற ஜாதி. நிஜக் காரணம் அதோ வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது, கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, பத்து நாளில் இதய ஆபரேஷன் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டு… என் அம்மா.

"மேடம், இது ஜூம். உக்காந்த இடத்துலேர்ந்தே கிட்டத்துல இழுக்கலாம், தூரமாவும் தள்ளலாம். புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க," என்கிறார் கடைக்காரர், ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். "அது ஐம்பது. ஜூமே கிடையாது. நம்ம காலுதான் ஜூம்." தானே சிரித்துக்கொள்கிறார், இந்த ஜோக்கை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்வாரோ. அம்மாவும் சிரிக்கிறாள், அம்மாவுக்குக் காது அவ்வளவு நன்றாகக் கேட்கிறது, எழுபத்தொரு வயசில் வாசலில் உட்கார்ந்து உள்ளே பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற காது. அப்படியென்றால் பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காது எப்படி இருந்திருக்கும்… வேண்டாம், இப்போது அது வேண்டாம், லென்ஸைப் பார். அம்மா படம் எடுத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஆகிறது. அடையாள அட்டைக்கு எடுத்த முறைத்த முகம் ஒன்றுதான், அது கணக்கில் சேராது. ஸ்டுடியோவுக்கு வாம்மா என்றால் வர மாட்டாள், போனில் எடுத்தால், "என்னடி மூக்கை மட்டும் எடுத்திருக்க," என்று தள்ளிவிடுவாள். போன வாரம் டாக்டர் தேதி குறித்துக் கொடுத்ததும் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளே சொன்னாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்து வச்சிடு. நீயே எடு. தனியா எடு. பக்கத்துல யாரையும் நிக்க வைக்காத." சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். பக்கத்தில் யாரையும் நிற்க வைக்காதே… என்னைப் பார்த்தா சொன்னாள், சுவரைப் பார்த்தா? சுவரைப் பார்த்துத்தான். சுவரில் தங்கச்சி படம்.

அந்தப் படத்தில் தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயசு. பள்ளிக்கூட அட்டையில் இருக்கிற ரெட்டைப் பின்னல்காரியை விட்டால், பெரியவளாக அவள் நன்றாகத் தெரிகிற படம் அது ஒன்றுதான், பெரியப்பா பையன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, இருபத்தைந்து தலை. அவள் போன பிறகு அவளை மட்டும் அதிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிசாக்கப் போனவள் நான்தான். பிரிண்ட் போடுகிறவர் திரையைக் காட்டிக் கேட்டார், "தோள் மேல ஒரு கை இருக்கே, அதை எடுத்தா தோளும் பாதி போயிடும், விட்டுடலாமா?" விடுங்க என்றேன். வேறென்ன சொல்ல? இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிற சட்டத்துக்குள் தங்கச்சி இருக்கிறாள், அவள் இடது தோளில் மணிக்கட்டோடு ஒரு கை இருக்கிறது, உடம்பில்லாத கை, நாலு விரல், ஒரு மோதிரம். வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் கேட்பார்கள், யார் கை இது? "பெரியவ கை. அவ மேல இவளுக்கு உசுரு." அம்மா துடைக்கிற துணியால் அந்தக் கையையும் சேர்த்துத் துடைப்பாள். நான் அங்கேயே நிற்பேன். உசுரு… ஆமாம். மோதிரத்தை அப்போதே கழற்றிவிட்டேன், லேபில் பல் அச்சுக்குச் சாந்து கலக்குகிற வேலைக்கு மோதிரம் இடைஞ்சல் என்று காரணம் சொன்னேன், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், விரல்களுக்குக் கீழே துணி சுருங்கியிருக்கிறது. தோளில் சும்மா வைத்த கைக்குத் துணி சுருங்குமா? பிடித்து அமுக்கினால்தான் சுருங்கும். பதினாறு வருஷமாக அந்த வீட்டுக்கு வந்த ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை, எனக்கு மட்டும் வேறு எதுவுமே படுவதில்லை.

"இந்த ஐம்பதுல ஒரு விசேஷம் மேடம், கண்ணுல ஃபோகஸ் வச்சீங்கன்னா கண்ணு மட்டும் பளிச்சுனு இருக்கும், பின்னாடி எல்லாம் கரைஞ்சிடும். ரொம்பக் கிட்டப் போனா காது, தோளுகூட மங்கிடும்." தோள்கூடவா? தோள்கூட மங்குமா? அட கடவுளே, அன்றைக்கு அந்தப் போட்டோக்காரன் கழுத்தில் இது தொங்கியிருந்தால்… இல்லை, இருபத்தைந்து பேரை நிற்க வைத்து இதால் எடுக்க முடியாதாம், இவரே சொல்கிறார், கூட்டத்துக்கு இது சரிப்படாது, ஒரு ஆளுக்குத்தான் சரி. அன்றைக்கு முதல் தடவை ஃப்ளாஷ் எரியவில்லை. இரண்டாவது எரிந்தது, முடிந்தது என்று எல்லாரும் கலைந்தார்கள், தங்கச்சி என் பக்கத்திலிருந்து நழுவினாள், கைப்பை ஏற்கெனவே தோளில் ஏறிவிட்டது, "அக்கா, நாலரை பஸ், விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான்." அப்போது கூட்டத்தில் ஒரு குரல், இன்னொண்ணு எடுத்துடுங்க என்று. மேளச் சத்தத்தில் யார் குரல் என்று பிடிபடவில்லை, இன்றுவரை தெரியாது. சித்தியா, பெண் வீட்டு அம்மாவா… எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் அந்த வாயை, குளிக்கும்போது, சாந்து கலக்கும்போது, யார் வாயோ அது, நாசமாய்ப் போக, புழுத்துப் போக என்று. எல்லாரும் திரும்ப வரிசைக்கு வந்தார்கள், அவள் வரவில்லை, நான் அவள் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "அக்கா, விடு." "ஒரு நிமிஷம் நின்னா செத்தா போயிடுவ?" சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான், வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை யாராவது யாரையாவது சொல்கிற வார்த்தை. போட்டோ விழுந்தது. நாலரை பஸ் போய்விட்டது. அஞ்சரை பஸ் பாலம் வரைக்கும்தான் போனது. எங்களுக்கு முன்வரிசையில், எனக்கு நேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அம்மா, என் வாய்க்கும் அவள் காதுக்கும் ஒரு முழம் இருக்குமா… கேட்டிருப்பாளா? கேட்டிருந்தால் எப்படி அந்தக் கையைத் துடைக்கிறாள்? கேட்கவில்லை என்றால் ஏன் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்கிறாள்? இதே இரண்டு கேள்வியும் பதினாறு வருஷமாகச் செக்கு மாடு சுற்றுகிற மாதிரி, ஆபரேஷனுக்குப் பத்து நாள், அதற்குள் கேட்காவிட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது?

"அம்மாவையே ஒண்ணு எடுத்துப் பாருங்க மேடம், கையில வாங்கிப் பார்த்தாத்தான் தெரியும்." கடைக்காரர் ஐம்பதைத் திருகி மாட்டி, எதையோ ஆட்டோமேட்டிக்கில் வைத்து என் கையில் தருகிறார். கண்ணை வைத்தால் இருட்டு, சுத்த இருட்டு. "மூடி, மேடம், மூடி." ஐயோ, மானம் போச்சு. மூடியை எடுத்து ஸ்டூல் பக்கம் போனால் அம்மாவின் முகம் திடுமென்று கிட்டத்தில், இவ்வளவு கிட்டத்தில் நான் எப்போது பார்த்தேன், நெற்றியில் இந்தக் கோடு எப்போது வந்தது… தோளும் மடியும் வரவில்லை, வெறும் முகம். லென்ஸில் ஜூமைத் தேடித் திருகுகிறேன், இல்லை, காலுதான் ஜூம். ஒரு அடி பின்னால், இன்னொரு அடி, இன்னொன்று, கேமரா முக்காலிகள் அடுக்கிய அலமாரி முதுகில் இடிக்கிறது, இதற்குமேல் போக இடமில்லை, இப்போது வந்துவிட்டாள், தலை, தோள், கைப்பை, முழங்கால். தனியாக. அவள் இரண்டு பக்கமும் காலியாக இருக்கிறது, எனக்கு என்னவோ அந்த இடது தோளையே பார்க்கத் தோன்றுகிறது. அம்மா முந்தானையைச் சரி செய்தாள். அமுக்கினேன். சின்னச் சத்தம்.

கடைக்காரர் பின்னாலேயே வந்து திரையை எட்டிப் பார்த்தார். "அடடா, அம்மா கண்ணை மூடிட்டாங்க. பரவாயில்ல, இன்னொண்ணு எடுத்துடுங்க." அம்மா ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள், அவ்வளவு வேகமாக அவள் எழுந்து நான் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது. "வேணாம் வேணாம். ஒண்ணு போதும்." கடைக்காரர் சிரித்தார், "ஒரு செகண்டும்மா, ஒண்ணும் ஆயிடாது." அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அன்னைக்கும் இப்படித்தான். கண்ணை மூடிட்டேனோன்னு ஒரு சந்தேகம். நான்தான் இன்னொண்ணு எடுத்துடுங்கன்னேன். அதுக்குள்ள அவ பஸ் போயிடுச்சு." பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்கிற குரலில் சொன்னாள். "இனிமே என் படத்துக்காக யாரும் நிக்க வேணாம்மா. மூடியிருந்தா மூடியே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கைப்பையில் எதையோ தேடினாள், அதில் ஒன்றுமில்லை, கைக்குட்டைகூட இல்லை, எனக்குத் தெரியும்.

அம்மா குரலா அது. என் அம்மாவின் வாயையா நான் பதினாறு வருஷம்… காலையில், மத்தியானத்தில், சாந்தின் ஈரம் காய்வதற்குள் எத்தனை தடவை… அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், நான் அந்த வாய் புழுத்துப் போகட்டும் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் அவள் சுவரில் பார்த்தது தன்னை, நான் பார்த்தது என்னை, தங்கச்சியை யார்தான் பார்த்தோம்? இப்போது சொல்ல வேண்டும். உன்னால் இல்லைம்மா, நீ கேட்டது ஒரு படம், இழுத்து நிறுத்தியது நான், இந்தக் கைதான், துணி சுருங்கியிருக்கிறது பார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும், ஆபரேஷனுக்கு லேசாகப் போவாள், வாயைத் திறந்துவிட்டேன்… ஆனால் அதற்கு முன்னால், அவள் நான்தான் என்று சொன்ன அந்த நொடியில், எனக்குள் என்னவோ இறங்கியதே, தோள் இரண்டும் தளர்ந்ததே, அது என்ன? நிம்மதி. பழிக்கு என்னோடு வேறொருத்தியும் இருக்கிறாள் என்கிற நிம்மதி. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு நிம்மதியாக இருந்தது. திரையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தனியாக, தோள் கொஞ்சம் மங்கலாக உட்கார்ந்திருக்கிறாள். "எதை மேடம் பேக் பண்ணட்டும்?" என்கிறார் கடைக்காரர். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

ஐம்பதையே கொடுங்கள் என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.