நாற்பத்து மூன்றாவது வசதி

எங்கள் ஊரில் புதுக் கார் வாங்கினால், அதில் உள்ள ஒவ்வொரு வசதியையும் வாங்கியவருக்கு நேரில் நடத்திக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுப்பார்கள். வாயால் விளக்கினால் செல்லாது. என் காரில் நாற்பத்து மூன்று வசதிகள் இருந்தன. வைகாசியில் ஆரம்பித்தோம்.

எனக்கு அவசரம் இருந்தது. என் மனைவி எமிலி நாசரேத்தில் அவள் அண்ணன் தேவஇரக்கம் வீட்டில் இருந்தாள். நான் ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளன். எதிலும் தாமதம் பிடிக்காதவன். அவள் அண்ணன் மகள் கல்யாணத்தன்று பஸ் வரவில்லை என்பதால் அவளை ஆலையின் ஐஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். தாலி கட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பே சேர்ந்துவிட்டோம். அவளுடைய பட்டுச்சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. கொஞ்சம் மீன் வாடையும் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பியபோது அவள் மட்டும் கிளம்பவில்லை.

"சொந்தக் காரு இல்லாம நான் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அதுவரைக்கும் நீங்களும் இந்தப் பக்கம் தல காட்டாதீங்க," என்றாள்.

எமிலி சொன்னால் சொன்னதுதான். நானும் அப்படித்தான். ஆகவே நான் நாசரேத் பக்கம் போகாமல் ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே நடத்திக் காட்டும் அதிகாரி காந்திமதி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் அட்டை வைத்த தடித்த நோட்டு. ஏறக்குறைய, சுமாராக என்ற சொற்களை அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. முதல் நாளே ஹாரன், கண்ணாடிகள், ஏசி, போனில் கை வைக்காமல் பேசும் வசதி என்று பதினாலு கையெழுத்து வாங்கிவிட்டார். சனிக்கிழமைக்குள் எமிலியைக் கூட்டி வந்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன்.

பதினைந்தாவது, இருக்கையின் ஞாபகசக்தி. உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினேன். மறுநாள் போய் உட்கார்ந்தபோது இருக்கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. என் உயரம், எடை, இருபத்து நாலு வயதில் ஆலைப் படியில் வழுக்கி விழுந்ததால் இடது இடுப்பில் வரும் வலி. அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் மெத்தென்று ஆகிக்கொண்டது. அந்த வலி எமிலியைத் தவிர யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாவது, மழை பெய்தால் தானாக ஓடும் வைப்பர். எங்கள் ஊரில் உப்பு விளையும் மாதங்களில் மழையை உள்ளே விடுவதில்லை. உப்பளக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு சொட்டு விழாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குற்றாலத்திலிருந்து ஒரு மழையை வரவழைத்தார் காந்திமதி. சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்ததால் எட்டு நாள் தாமதம். வந்தது, நாலு நிமிடம் பெய்தது, போனது. உப்பளக்காரர்கள் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

மூடுபனி விளக்குக்கு மூடுபனி வேண்டும். "எங்க ஆலைக்கு வாங்க. கதவத் தொறந்தா வேண்டிய மட்டும் இருக்கு," என்றேன்.

"அது ஐஸ்ல வார ஆவி அண்ணாச்சி. பனி வேணும்."

கொடைக்கானலிலிருந்து வந்த பனி வத்தலக்குண்டில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. இன்னும் ஆறு நாள் போனது. எனக்குக் கழுத்து வரை எரிச்சல். "பொறுத்தார் பூமியாள்வார் அண்ணாச்சி," என்றார் காந்திமதி. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், கார் போதும் என்றேன். அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

இருபத்தெட்டாவது வசதி, மேட்டில் நின்றால் கார் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்வது. எங்கள் ஊர் சப்பாத்தி மாதிரி தட்டை. ஷோரூமுக்கு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு மலைதான் இருந்தது. அது எங்கள் ஊருக்குச் செவ்வாய்க்கிழமை முறை. காலை ஏழு மணிக்கு வந்து பைபாஸ் ஓரமாக நின்றது. நான் எட்டரைக்குப் போனபோது உச்சியில் யாரோ முருகன் வேல் ஒன்றை நட்டுவிட்டிருந்தார்கள். அடிவாரத்தில் இரண்டு தேங்காய் பழக் கடைகள். மொட்டை போட ஒருவர் தண்ணீர்க் கிண்ணத்துடன் உட்கார்ந்திருந்தார்.

காரை ஏற்றப் போனோம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

"சாமி மலையில செருப்போட ஏறுதீங்களே?"

அவர் சொன்னது நியாயம். நான் வேதக்காரன்தான், கிறிஸ்தவன், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றினேன். பிறகு காருடைய நாலு டயரையும் கழற்றி அடிவாரத்தில் டோக்கன் போட்டு வைத்தோம். கார் வெறுங்காலோடு ஏறிப் பாதி மேட்டில் நின்றது. உருளவில்லை. கீழே வந்ததும் எனக்கும் காந்திமதிக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். புதன்கிழமை மலை ராமநாதபுரத்துக்குக் கிளம்பியது. மொட்டை போடுபவரும் கூடவே போனார்.

சாலைக் கோட்டை விட்டு விலகாமல் ஓடும் வசதிக்கு ஷோரூம் ஒரு பெயிண்டரை வைத்துச் சாலையில் கோடு போட வைத்தது. அவர் நடுவில் டீ குடிக்கப் போயிருக்கிறார், பிரஷ்ஷைத் தரையிலிருந்து எடுக்காமலே. காரும் கோட்டை விடாமல் போய் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு டீ சொன்னோம். அங்கேயே கையெழுத்து.

வாரம் ஒருமுறை எமிலியின் அண்ணன் போன் பண்ணுவார்.

"எத்தன ஆச்சு மாப்ள?"

"முப்பத்தாறு, மச்சான். எமிலி எங்க?"

"அவ பகல்ல வீட்டுல தங்குறதே இல்ல. காலைல போனா பொழுது சாயத்தான் வாரா. கேட்டா பேச மாட்டேங்கா."

எனக்கு மனசு கலங்கியது. நான் இல்லாமலே அவளுக்கு நாள் நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்று முப்பத்தேழாவதை நடத்தும்போது கையெழுத்து கோணலாக விழுந்தது. காந்திமதி மறுபடி போடச் சொன்னார்.

நாற்பத்து இரண்டாவது வசதியில் மாட்டிக்கொண்டேன். ஓட்டுபவர் கண் அசந்தால் கார் மணியடித்து எழுப்பும். அதற்கு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும். எமிலி போனதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மூன்று நாள் ஷோரூம் மைதானத்தை முழித்த கண்ணோடு சுற்றிச் சுற்றி வந்தேன். காந்திமதி பின் இருக்கையில் உட்கார்ந்து வெதுவெதுப்பான பால் கொடுத்துப் பார்த்தார். காரின் வழிகாட்டிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். அவர்தான் தூங்கிப்போனார். அது கணக்கில் வராது.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு எமிலியே போன் பண்ணினாள். இத்தனை நாளில் முதல் தடவை. கார் தானாக எடுத்தது. எட்டு ஸ்பீக்கரிலும் அவள் குரல்.

"என்னதான் நடக்கு அங்க? ஒரு காரு எடுக்க மூணு மாசமா? ஐஸ் லாரின்னா மட்டும் அஞ்சு நிமிசத்துல வந்து நிக்கத் தெரியுது. கல்யாண வீட்டுல அத்தன பேரும் மூக்கப் பொத்துதாவ. அன்னைக்கும் இப்படித்தான், கேஸ் அடுப்பு வாங்கப் போன மனுசன் தராசு வாங்கிட்டு வந்து நிக்கியளே..."

இருபத்தேழு வருடமாக இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கியிருக்கிறேன். தராசுக்கு வந்ததும் கண் சொருகிவிட்டது. கார் மணியடித்தது. திரையில் ஒரு காபி கப் படம் வந்தது. காந்திமதி என் தோளைத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படத்திலிருந்த காபியை எடுத்து என்னிடம் நீட்டினார். சர்க்கரை சரியாக இருந்தது.

"தூங்கிட்டியளா?" என்றது ஸ்பீக்கர்.

"ஆமா எமிலி."

"எனக்குந்தான் தூக்கமே வர மாட்டேங்கு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் மைதானத்திலேயே அழுதேன். காந்திமதி நோட்டைப் புரட்டுவது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்சம் ஒன்றே ஒன்று, ஏர்பேக். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மோதாமல் அது விரியாது.

"ஷோரூம் சுவத்துல மோதட்டுமா?" என்றேன்.

"சுவத்துக்கு ஏர்பேக் கிடையாதே அண்ணாச்சி. ஒரு மோதல வீணடிக்கக் கூடாது. நாப்பத்து ரெண்டு முடிச்ச இன்னொரு கஸ்டமர எதிர்ல விடுவோம். ஒரே நேரத்துல ரெண்டு கையெழுத்து."

மற்ற கிளைகளுக்கு என் காரின் குறிப்பை அனுப்பினார்கள். எடை, உயரம், பம்பர் எல்லாம் வைத்துப் பொருத்தம் பார்த்ததில் நாசரேத் கிளையில் ஒரு கார் அமைந்தது. பத்துக்கு எட்டு. அந்தக் காரை எடுத்திருப்பது ஒரு அம்மா, மூன்று மாதமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து முடித்திருக்கிறார் என்றார் காந்திமதி. புதன்கிழமை பத்தரை மணிக்கு நேரம் குறித்தார்கள்.

இரு ஊருக்கும் நடுவில், பனைமரங்களுக்கிடையே நேராகப் போகும் சாலை. நான் பத்து இருபதுக்கே வந்து நின்றேன். எதிரில் ஒரு சிவப்புக் கார் வந்தது. எமிலி ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் கை தூக்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் முறைப்படி இண்டிகேட்டரைப் போட்டாள். காந்திமதி பச்சைக் கொடியை இறக்கினார்.

மோதினோம். இரண்டு பக்கமும் வெள்ளையாக விரிந்தது. பஞ்சுமிட்டாய்க்குள் முகத்தை விட்ட மாதிரி இருந்தது. பை சுருங்கியபோது இரண்டு காரின் முன்கண்ணாடியும் இல்லை. எமிலியின் முகம் ஒரு சாப்பாட்டு மேசை தூரத்தில் இருந்தது. மூக்கு நுனியில் வெள்ளைப் பொடி.

"அடி பட்டிருக்கா?" என்றேன்.

"இல்ல. உங்கள நம்பிட்டு இருந்தா ஆகாதுன்னுதான் நானே ஒண்ணு எடுத்தேன்," என்றாள்.

நாற்பத்து மூன்றில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாவிகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகு கார்களைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மூக்கோடு மூக்கு ஒன்றாகிப்போயிருந்தது. இரண்டு கிளை அதிகாரிகளும் பனைநிழலில் நின்று பேசி, ஒரே கார், இரண்டு ஸ்டியரிங் என்று திருத்தி எழுதினார்கள்.

"நான் டிரைவ்ல போடுதேன். நீங்க ரிவர்ஸ்ல போடுங்க," என்றாள் எமிலி.

வீடு வரை அவள் முன்னோக்கி ஓட்டினாள், நான் பின்னோக்கி ஓட்டினேன். வழி முழுக்க எனக்குத் தெரிந்தது அவள் முகம்தான். எங்கே திரும்புகிறோம் என்பதை அதில் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"மெலிஞ்சிட்டிய," என்றாள் பாதி வழியில்.

இப்போது காலையில் ஆலைக்குப் போகும்போது நான் முன்னோக்கி ஓட்டுகிறேன், அவள் ரிவர்ஸில் வருகிறாள். மார்க்கெட்டுக்கு அவள் முறை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் இருவரும் டிரைவில் போடுகிறோம். அன்று கார் எங்கேயும் போவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வரை பேசிக்கொண்டிருப்போம்.