மூன்று சர்வரும் காலி

திருவொற்றியூரில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கணினிதான் சொல்லும். அந்தப் பதிவுகள் கிளவுடில் மூன்று சர்வர்களில் இருந்தன. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று உடனே வேலையை ஏற்றுக்கொள்ளும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் வியாசர்பாடியிலிருந்து வேலைக்கு வரும் சங்கமித்ரா.

அன்று காலை, யார்டை விட்டுப் போய்விட்ட பெட்டிகளின் பழைய பதிவுகளை நீக்கக் கட்டளை கொடுத்தாள். ‘வெளியே போனவை மட்டும்’ என்னும் வரி விடுபட்டுப்போனது. திரையில் ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. பதறிப்போய் இரண்டாவது சர்வரைப் பார்த்தாள். காலி. மூன்றாவதும் காலி.

யார்டு மேனேஜர் ராசையாவின் அறைக்கு ஓடினாள்.

“சார், உடனே கேட்டை மூடணும். எல்லாப் பதிவையும் அழிச்சிட்டேன்.”

“மூணு மெஷின் இருக்குன்னு சொன்னியேம்மா?”

“ஒண்ணு கெட்டுப்போனா மத்தது தாங்கும் சார். நானே அழின்னு சொன்னா மூணுமே அழிச்சிடும். தனியா பேக்கப் இருக்கு, அதுலேர்ந்து எடுக்கறேன். அதுவரைக்கும் ஒரு பொட்டியும் நகரக்கூடாது. நகர்ந்தா கணக்கு ஒத்துவராது.”

“எடுத்துடலாம்ல?”

“இதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்ததில்ல சார்.”

ராசையா திட்டவில்லை. வாக்கிடாக்கியை எடுத்துக் கேட்டை மூடச் சொன்னார்.

அவள் தன் மேசைக்குத் திரும்பி, அழிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் இருந்தபடியே பதிவுகளை பேக்கப்பிலிருந்து எடுக்கக் கட்டளை கொடுத்தாள். கிளவுடில் புதிய சர்வர் ஒன்று மெல்ல உருவாகத் தொடங்கியது. வெளியே ஹாரன்கள் அலறின. லாரி டிரைவர் லட்சுமணன் ஜன்னலருகே வந்து நின்றார்.

“இன்னாம்மா, கேட்டை சாத்திக்கினு உக்காந்துகீறீங்க? லாரிங்க டோல்கேட் வரிக்கும் நின்னுடும் போல!”

“என் தப்புதாண்ணா. எந்தப் பொட்டி எங்க கீதுன்னு தெரியாம பூட்ச்சு. சரி பண்ணிக்கினு கீறேன்.”

அவர் குரல் தணிந்தது. “அதுக்கு ஏன் பேஜாராவுற? பொட்டி எங்க பூடும்? உள்ளதான கீது.”

அதைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு சீரானது. ஆமாம், பெட்டிகள் அப்படியேதான் இருந்தன.

சர்வர் எழுந்தது. பதிவுகள் வரிசையாக வந்து நிறைந்தன. அப்போதும் அவள் நம்பவில்லை. ராசையா யார்டுக்குள் நடந்துபோய் அங்கங்கே நின்று பெட்டி எண்களை வாக்கிடாக்கியில் படித்தார். அவள் திரையைப் பார்த்து இடத்தைச் சொன்னாள்.

“சரியா இருக்கும்மா.” இன்னொரு மூலையிலிருந்து மறுபடி குரல் வந்தது. “இதுவும் சரி. எல்லாம் சரி! கேட்டைத் திறங்கப்பா!”

முதலில் லட்சுமணனின் லாரி உள்ளே வந்தது. அவள் மேசையில் தலை சாய்த்து அழுதாள், உடனே சிரித்தாள்.

ராசையா டீயோடு வந்தார். “இனிமே மாசம் ஒருதடவை பேக்கப்லேர்ந்து எடுத்துப் பாத்துடு.”

“அடுத்த வாரமே பண்ணிடறேன் சார்.”

“பண்ணு. அப்பவாவது எதையும் அழிக்காம பண்ணு.”