ராக்கப்பன் கொடுத்த இரண்டு சொட்டு

துபாய் பக்கம் ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த காலம். எழுபத்தேழு என்று நினைவு. பாலைவனத்தில் கொசு ஏது என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தோம். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும். அதனால் கேம்ப் முழுக்கத் திறந்த டிரம்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். கொசுவுக்கு நாங்களே குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது எந்த மேதாவிக்கும் தோன்றவில்லை.

பக்கத்து ரூமில் நாலு பேர் காய்ச்சலில் விழுந்ததும் சுகாதாரத் துறை ஜீப் வந்தது. டிரம்களைக் கவிழ்த்தார்கள். சுவருக்கெல்லாம் மருந்து அடித்தார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் விரல் நுனியில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். மலேரியா என்று தெரிந்தால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்களாம். எந்தக் கடன்காரன் இதைக் கிளப்பிவிட்டானோ! எனக்கோ இரண்டு நாளாகக் குளிர்க் காய்ச்சல். இந்த விசாவுக்காக மூன்று வருஷம் பம்பாயில் காத்துக் கிடந்தவன் நான். வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

என் ரூம்காரன் ராக்கப்பன் காளை மாதிரி இருப்பான். "என் பேருக்கும் நீயே ரத்தம் குடுத்துர்றா" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"அட, இதுக்குப் போயி அழுவுறியா? விரலு பத்து இருக்குல்ல" என்றான்.

'ஜெயமணி' என்று என் பெயரைக் கூப்பிட்டதும் ஹெல்மெட்டோடு போய் இடது கையை நீட்டினான். அவன் பெயர் வந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வலது கை. மீசை வைத்த இருநூறு பேரில் யார் முகத்தை யார் பார்த்தார்கள்? நான் பற்கள் தந்தியடிக்கப் போர்வைக்குள் கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்து லேப்பிலிருந்து சிவசங்கரன் என்ற தமிழர் பட்டியலோடு எங்கள் ரூமுக்கே வந்தார்.

"ஜெயமணி, ராக்கப்பன் யாருப்பா? ரெண்டு பேருக்கும் மலேரியா இருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. ராக்கப்பன் வாயைப் பிளந்தான். "சார், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே சார்!"

"சில பேருக்கு வெளிய காட்டாது."

"எங்கள எப்ப சார் ஊருக்கு ஏத்துவீங்க?" என்றேன்.

"ஊருக்கா? எதுக்கு? மாத்திரையை முழுங்கிட்டு மூணு நாள் படுங்க. டியூட்டி கிடையாதுன்னு கம்பெனியில சொல்லியாச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கேயே என் விரலையும் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார்.

"அறிவிருக்காய்யா? இவன் ரத்தம் சுத்தமா இருந்திருந்தா உன் பேருக்கு நேரா 'இல்லை'ன்னு போட்டிருப்பேன். மாத்திரை கிடைச்சிருக்காது. இந்தக் காய்ச்சலோட எத்தனை நாள் தாங்கியிருப்ப?"

அவர் போனதும் ராக்கப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு நோவு வந்ததுல உனக்கு இம்புட்டுச் சந்தோசமாடா?" என்றான்.

"ஆமாடா" என்றேன்.