அப்பா வழி ரத்தம்

கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதும்போது எனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும். சட்டை நனைய நனைய ஊதுவேன். "ரடோய்கோவுக்கு உடம்புல ரத்தம் ஜாஸ்தி" என்று மேற்கு செர்பியாவில் எங்கள் மலையூரே சொல்லும். சொல்ல வைத்தவன் நான்தான்.

என் மகள் துன்யாவுக்குப் பதினாலு வயது. வயதுக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு அதிகமாகத்தான் போகும். இந்த இலையுதிர்காலத்தில் மாதவிலக்கு நிற்கவே இல்லை. மணிக்கொரு நாப்கின் மாற்றினாள். டாக்டரிடம் போகலாம் என்றாள் என் மனைவி ஸ்லாவிட்சா. எல்லாம் தெரிந்தவன் விடுவேனா?

"சின்னப் பொண்ணுங்களுக்கு ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பு சொல்லி, பீட்ரூட் சாறு பிழிந்து கொடுத்தேன். மறுநாள் பள்ளி மாடிப்படியில் துன்யா மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் வுகோசாவா அவளுடைய வெளுத்த கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, ரத்தம் நிற்க மருந்து ஏற்றச் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"இந்த வயசுல கருமுட்டை மாசாமாசம் சரியா வெளியாகாது. பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனா முதல்லேர்ந்தே இவ்வளவு போகுதுன்னா, ரத்தம் ஒழுங்கா உறையுதான்னும் பார்க்கணும். வீட்ல யாருக்காவது ரத்தம் லேசுல நிக்காதா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்று ஸ்லாவிட்சா என்னைப் பார்த்தாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "எனக்கு மூக்குல கொட்டும் டாக்டர். ஊதுற வேகம் அப்படி!"

"ஷேவ் பண்ணும்போது வெட்டுப்பட்டா?"

"அரை நாள் வழியும். பல்லு பிடுங்கினப்ப தலகாணியே..." பாதியில் நிறுத்தினேன். டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

இருவரையும் பரிசோதித்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதம் எங்கள் இருவருக்கும் குறைவாம். ஊரே மெச்சிய என் வீரத்துக்கு மருத்துவத்தில் ஒரு நோயின் பெயர் இருந்தது.

"உன் பெரிய மூக்கைக் குடுத்தது பத்தாதாப்பா?" என்றாள் துன்யா, படுக்கையிலிருந்து. "இதையுமா குடுப்ப?"

ரத்தப்போக்கை அடக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒன்று, ஹார்மோன் மாத்திரை ஒன்று. கடைசியைக் கேட்டதும் எகிறினேன்.

"அது கருத்தடை மாத்திரை இல்ல? பதினாலு வயசுப் பொண்ணுக்கா?"

"கருப்பையோட உள்சுவர் தடிக்காம பார்த்துக்கறதும் அதே மாத்திரைதான். நீங்க கத்தாம இருந்தா அவ நல்லாயிடுவா. ஆஸ்பிரின் மட்டும் ரெண்டு பேருமே தொடக்கூடாது."

பனி விழத் தொடங்குவதற்குள் துன்யாவின் முகத்தில் நிறம் திரும்பியது. மாதவிலக்கும் ஒரு வாரத்துக்குள் அடங்கியது. பொறுப்பான தகப்பனாக இனி நாப்கின் வாங்குவது நான்தான் என்று அறிவித்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே எங்கள் பாதிரியார் நின்றிருந்தார். பல் துலக்கும் பிரஷ் மூன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஸ்லாவிட்சா பையை எட்டிப் பார்த்தாள். வாசல் கதவை மறுபடி திறந்து பிடித்தாள்.