மூன்றாம் தொட்டியின் நடை

வலது தோள் கழன்று கையோடு வந்துவிடும் போல வலித்த ஒரு நாளில்தான், தன் மனைவியின் காலைப் பிடித்துவிட்டால் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் தொட்டியில் கடல் நத்தை நடக்கிறது என்று தண்ணீர்க்காரனுக்குத் தெரிந்தது. விடிந்ததிலிருந்து கடலுக்கும் தொட்டிகளுக்கும் இடையே கேன் சுமந்ததில், உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோள்பட்டை புண்ணாகியிருந்தது. வழக்கமாக மதியம் வீட்டுக்குப் போய், கட்டிலில் கிடக்கும் மனைவிக்குச் சாப்பாடு கொடுத்து, அவள் காலைப் பிடித்துவிட்டுத் திரும்புவான். அன்று தெம்பில்லை. சுவரோரம் சாய்ந்து கிடந்தான். நத்தைகளை ஆராயும் மேடம் மூன்றாம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, தினமும் இந்நேரம் யாரும் தொடாமலே நடக்கும். இன்னிக்குக் கல்லு மாதிரி கிடக்கு," என்றாள். இந்நேரம்தான் தினமும் வீட்டில் கால் பிடிப்போம் என்று அவனுக்கு அப்போதே உறைத்தது.

அவன் மனைவி ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைத்தவள். அவள் நடந்து வந்தால் பலகைத் தரை அதிரும், அதனால் கூட வேலை செய்தவர்கள் அவளைத் தடதட என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் சறுக்குப் பலகையிலிருந்து ஆளுயரக் கட்டி ஒன்று பிடி நழுவி வந்தது. மற்றவர்கள் துள்ளி விலகினார்கள். தடதடவுக்குப் பயம் வந்து சேர்ந்தது, ஓட்டம் வந்து சேரவில்லை. கட்டி அவள் கால்விரலுக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. அவளும் நின்றாள். அப்படியே தூக்கி வண்டியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எலும்பும் நரம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எறும்பு கடித்தால் தெரிந்தது, தரையின் ஜில்லிப்பு தெரிந்தது, நடக்க மட்டும் வரவில்லை. இரண்டு வருஷம் கட்டிலோடு போனது. இரண்டு பேர் சுமந்த குடும்பம் ஒருவன் தோளில் ஏறிக்கொண்டது.

அவன் தன் சந்தேகத்தைச் சொல்ல, மறுநாள் மதியம் மேடம் தொட்டிக்குப் பக்கத்தில் போனோடு உட்கார்ந்தாள். அவன் வீட்டில் போனைத் தலையணையில் வைத்துவிட்டுக் காலைப் பிடித்தான். "நடக்குது," என்றது போன். விட்டான். "நின்னுடுச்சு." பெருவிரலைச் சொடுக்கெடுத்தான். "ஐயோ, ஓடுதுண்ணே." தடதட கட்டிலில் படுத்தபடி, "யாருங்க ஓடுறது?" என்று கேட்டாள். அவன் போனை அணைத்தான்.

மேடம் சும்மா கதை விடுகிறவள் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "தொட்டா அது ஒரு சேதிண்ணே. நடக்கிறது ஒரு வேலை. சேதியை வேலையா மாத்திவிட நடுவுல கொஞ்சம் நரம்பணுக்கள் இருக்கு. செரட்டோனின்னு ஒண்ணை விட்டு, கிளம்பு கிளம்புன்னு பாதத்தை உசுப்பிவிடும். இதோட பாதத்துக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத பொடி மயிர் இருக்கு. அதெல்லாம் அசைஞ்சுதான் வழுக்கிட்டுப் போகுது. அந்த அணுக்களை அடக்கிட்டா, தொட்டது தெரிஞ்சாலும் கிளம்ப வராது."

"அப்போ என் வீட்ல சேதி வந்து வாசல்லயே உக்காந்திருக்கு மேடம். உள்ள கூப்பிட ஆளில்ல."

"ஆள் இங்க வந்து குடியிருக்கான் போல," என்று அவள் தொட்டியைக் காட்டினாள். தொடாமலே நடக்கிற நத்தை அவள் ஆராய்ச்சிக்கு உதவாது. கொண்டுபோகச் சொன்னாள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: இவற்றின் ஆயுள் ஒரு வருஷம், முட்டையிட்டால் அதோடு சரி. அவன் தலையாட்டினான். அந்தச் சேதியும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் அவன் கை அதுவரை அதன்மேல் பட்டதில்லை. வீட்டில் வாளியைக் கட்டிலோரம் வைத்து, ஈர விரலால் முதுகைத் தடவினான். தடதட எழுந்து நின்றாள். இன்னொரு முறை தடவினான். கதவு வரை போனாள். காலைத் தூக்கி வைக்கவில்லை, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனாள். போன வழியெல்லாம் தரை ஈரமாகி, காய்ந்தபின் உப்புப் பூத்தது. நத்தையை இடப்பக்கம் தொட்டால் அவள் வலப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் தொட்டால் இடப்பக்கம். அவன் சீக்கிரமே பழகிக்கொண்டான். வேறு யார் தொட்டாலும் எதுவும் நடக்கவில்லை, அவன் விரல்தான் வேண்டியிருந்தது. முதுகில் ஓடுகூட இல்லாத அந்தப் பிராணிக்கு ஓட்டாண்டி என்று பெயர் வைத்தார்கள். அன்று இருவரும் சிரித்தார்கள்.

மாதம் திரும்புவதற்குள் அவளை ஐஸ் ஃபேக்டரியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஒரு கையில் வாளியோடு அவளை நடத்திக் கொண்டுபோய் அவளுடைய இடத்தில் நிறுத்துவான், சாயங்காலம் நடத்திக் கூட்டிவருவான். நின்ற இடத்துக்குக் கட்டிகள் வந்தன, அவள் உடைத்தாள். "என்னடி தடதட, சத்தத்தையே காணோம், சக்கரம் மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டார்கள். "பிரேக் அவர் கையில இருக்கு, அவரைக் கேளுங்க," என்றாள் இவள். மேஸ்திரிக்கு ஒரே ஒரு குறைதான். "உப்பு பட்டா ஐஸ் உருகும்ப்பா. ஓரமா நடத்திக் கூட்டிட்டு வா," என்றார்.

வாளித் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குச் சுமந்தது போக வீட்டுக்கும் சுமந்தான். அதோடு அவனாகவே ஒரு கணக்குப் போட்டான். அவள் காலைப் பிடித்தால் ஓட்டாண்டி வாளிக்குள் சுற்றிச் சுற்றி அலையும். அலைந்தால் தேயும். தேய்ந்தால் ஒரு வருஷம் என்பது எட்டு மாதமாகிவிடும். அதனால் அவள் காலைப் பிடிப்பதை விட்டான். பிறகு தூக்கத்தில் கைபட்டுவிடுமோ என்று பாயைத் தனியாகப் போட்டான். சாப்பாட்டுத் தட்டைக்கூட விரல் படாமல் நீட்டினான். வேலை முடிந்து வந்ததும் வாளியருகே குந்திக்கொண்டு, தண்ணீர் கலங்கியிருக்கிறதா, முதுகு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பான், அதனிடம் இரண்டு வார்த்தை பேசுவான். தடதட கட்டிலில் இருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐஸ் தரையின் குளிர் அவள் பாதத்தில் அப்படியே இருக்கும்.

இப்படிப் பல மாதம் போனபின் ஒருநாள் கேட்டாள். "என் காலைப் புடிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

"புடிச்சா அது அலையும். சீக்கிரம் போயிடும். அப்புறம் நீ எப்படி நடப்ப?"

"நடந்து எங்கே போறேன். ஐஸ் உடைக்கத்தானே." கோபமில்லாமல்தான் சொன்னாள். "நான் நடக்காதப்ப தினமும் புடிச்சீங்க."

அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஞாயித்துக்கிழமை புடிக்கிறேன்," என்றான்.

அவள் அதை நம்பினாள். சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து, வெடித்த குதிகாலைக் கல்லால் தேய்த்துக் கழுவிக்கொண்டாள். அந்த ஞாயிறு கடல் கொந்தளித்துக் கரையோரத் தண்ணீரெல்லாம் சேறாக வந்தது. தெளிந்த தண்ணீர் தேடி அவன் பாறை முனை வரை போய்ச் சுமந்து, இருட்டியபின் வந்து, வாளியை மாற்றிவிட்டு அப்படியே விழுந்து தூங்கினான். அவளும் எழுப்பவில்லை. விடிந்ததும் பார்த்தால் வாளியின் உட்சுவரில் வெள்ளை நாடா ஒன்று சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. ஓட்டாண்டி முட்டையிட்டிருந்தது.

அதன்பின் அது இரை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளை ஃபேக்டரியிலிருந்து பாதி வழி கூட்டிவந்திருப்பான், தெரு முனையில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வாளிக்குள் விரலை விட்டான். தொட்ட இடம் நனைந்த துணி போலக் கையோடு வந்தது. "போயிடுச்சா?" என்றாள். அவன் வாளியைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவளைத் தொட்டுத் தூக்கினான். புண்பட்ட அதே தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் ஞாயிறு. அவள் போர்வைக்குள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு, முதலில் குதிகாலை, பிறகு ஒவ்வொரு விரலாக, பழையபடி நிதானமாகப் பிடித்துவிட்டான்.  அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானேங்க. எப்பப் புடிக்கப் போறீங்க?"

அவள் பெருவிரலைப் பிடித்திருந்த அவன் கை நின்றது. பிறகு மறுபடி பிடித்தது. "இதோ," என்றான்.

வாளியோடு அவன் கொண்டுபோய்க் கொடுத்த முட்டை நாடாவை மேடம் மூன்றாம் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினாள். பொரிந்த குஞ்சுகள் தூசி போல இருக்கின்றன. வேலை இருக்கும் நாளில் மதியமும், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவை மொத்தமாகத் தொட்டியின் ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும். அவன் வீட்டில் கால் பிடிக்கிற நேரம் அது. இப்போது அதை யாரும் குறித்து வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அது அப்படித்தான் என்கிறார்கள். தண்ணீர்க்காரன் ஒரு ஞாயிறுகூட விடுவதில்லை. ஆனாலும் அன்று வாக்குக் கொடுத்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குத் தெரியும்படி அவள் காலைப் பிடித்துவிடுவது, அவன் அவளுக்கு இன்னும் பாக்கி.